இரவுக் கதைக்கு கிரேக்கம்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளைகளுக்கு ராத்திரியில் கிரேக்கக் கதைகள் சொல்லப் போகிறேன், எங்கே ஆரம்பிக்கட்டும் என்று கேட்டிருந்தாய். பெரியவனுக்கு ஏழு, பாப்பாவுக்கு நாலு. இரண்டு வயதுக்கும் சேர்த்துச் சொல்லக்கூடிய கதைகள் நிறைய உண்டு. ஆனால் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போகாதே. தொகுப்புகள் பெரும்பாலும் உலகம் தோன்றியதில் தொடங்கும். நாலு பக்கம் போவதற்குள் ஆதித் தெய்வமான குரோனஸ் தன் தகப்பனை வெட்டிவிடுவான், பிறகு தான் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்குவான். பக்கத்தில் படுத்திருக்கும் தகப்பனே இருட்டில் சொல்கிற கதையாக இது இருக்கக் கூடாது. கிரேக்கர்களே இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். தத்துவஞானி பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் இரண்டாம் புத்தகத்தில், தாய்மாரும் செவிலியரும் சின்னப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லலாம் என்று பேசும்போது, சொல்லக் கூடாததற்கு முதல் உதாரணமாக இந்தக் குரோனஸ் கதையைத்தான் எடுக்கிறார். அவர் காவியக் கவி ஹோமரையும் சேர்த்து ஒதுக்கப் பார்க்கிறார். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஹோமர் நம் பிள்ளைகளுக்கு அவசியம் வேண்டும்.

முதல் இரவு ஹெர்மிஸ் என்ற குட்டித் தெய்வத்தைச் சொல். பழைய துதிப்பாடல் ஒன்றில் முழுக் கதையும் இருக்கிறது. கிள்ளீனி மலைக் குகையில் விடியற்காலையில் பிறக்கிறான். மதியத்துக்குள் ஆமை ஓட்டில் ஏழு நரம்பு கட்டி யாழ் செய்து வாசிக்கிறான். பொழுது சாய்ந்ததும் அண்ணன் அப்போலோவின் மாடுகளில் ஐம்பதை ஓட்டிக்கொண்டு போகிறான். தடம் பார்த்து வருகிறவர்கள் ஏமாறட்டும் என்று மாடுகளைப் பின்பக்கமாக நடக்கவிடுகிறான், தன் காலுக்கு இலையும் குச்சியுமாகச் செருப்பு முடைந்துகொள்கிறான். விடிவதற்குள் சாவித்துவாரம் வழியாக மூடுபனிபோல நுழைந்து தொட்டிலில் படுத்து, துணியை இழுத்துப் போர்த்திக்கொள்கிறான். அப்போலோ வந்து மிரட்டினால், ‘நான் நேற்றுத்தானே பிறந்தேன், என் பாதம் இன்னும் மெத்தென்று இருக்கிறது, வெளியே தரையெல்லாம் கரடு’ என்கிறான். இந்த வரி பாட்டிலேயே இருக்கிறது, விட்டுவிடாதே. கடைசியில் யாழை வாசித்துக் காட்டுகிறான், அப்போலோ கோபம் மறந்து யாழை வாங்கிக்கொண்டு மாடு மேய்க்கிற வேலையை அவனிடமே கொடுத்துவிடுகிறான். வெண்ணெய் திருடிய கண்ணனைத் தெரிந்த பிள்ளைக்கு இவனை உடனே பிடித்துப்போகும். கதை தொட்டிலில் தொடங்கித் தொட்டிலுக்கே வருவதால் தூக்கத்துக்கும் தோதானது.

சிக்கல் வருவது மாடுகள் பின்பக்கமாக நடக்கும் இடத்தில். நாலு வயதுக்கு அது வார்த்தையில் புரியாது. பாப்பாவின் போர்வைமேல் இரண்டு விரலால் நடந்து காட்டு. தடம் எந்தப் பக்கம் பார்க்கும் என்று பெரியவனைக் கேள். அவன் கண்டுபிடித்துவிட்டால் கதை அவனுடையதாகிவிடும்.

அந்தப் பாட்டில் ஆமையைக் கொன்றுதான் ஓடு எடுக்கிறான், மாடுகளில் இரண்டை அறுத்துப் பலியிடுகிறான். பாப்பாவிடம் ‘ஆமை ஓட்டில் யாழ் செய்தான்’ என்று மட்டும் சொல். அது பொய் இல்லை. ஆமை சிரித்துக்கொண்டே ஓட்டைக் கழற்றிக் கொடுத்தது என்று சொன்னால் அது வேறு கதை. நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வது இது ஒன்றைத்தான். வேண்டாததை விட்டுவிடு, முழுக் கதையையே வேண்டுமானாலும் தள்ளிப்போடு, ஆனால் நடந்ததை மாற்றாதே. பத்து வயதில் அவர்களாகவே படிக்கும்போது நீ சொன்னதோடு கூடுதலாக ஏதோ கிடைக்க வேண்டும், நீ சொன்னது தப்பென்று ஆகக் கூடாது.

அடுத்து மைடாஸ். எல்லோரும் தொட்டதெல்லாம் பொன்னாகும் கதையைச் சொல்வார்கள். அதில் மகள் பொற்சிலையாவது பழங்கதையில் கிடையாது, அமெரிக்கர் நதானியேல் ஹாதார்ன் 1851-இல் சேர்த்தது. ரோமக் கவி ஓவிட் சொன்னபடி சாப்பாடும் தண்ணீரும் பொன்னாகி ராஜா பசியில் தவிப்பதே குழந்தைகளுக்குப் போதும். இரவுக்கு அதைவிட நல்லது மைடாஸின் கழுதைக் காது. அப்போலோவின் யாழைவிடப் பான் என்ற காட்டுத் தெய்வத்தின் குழலே மேல் என்று சொன்னதற்காக ராஜாவுக்குக் கழுதைக் காது முளைக்கிறது. தலைப்பாகையில் மறைக்கிறான். முடிவெட்டுகிறவனுக்கு மட்டும் தெரியும், யாரிடமும் சொல்ல முடியாமல் மண்ணில் குழி தோண்டி அதில் ரகசியத்தைச் சொல்லி மூடிவிட்டுப் போகிறான். அங்கே நாணல் முளைத்துக் காற்றில் அதையே முணுமுணுக்கிறது. குழிக்குள் சொல்லும்போதே உன் குரலைத் தாழ்த்திவிடு, நாணல் பேசும்போது இன்னும் தாழ்த்து. பிள்ளைகளும் தாமாகவே அடங்குவார்கள்.

இனி ஹோமர். போர் முடிந்து ஒடிசியஸ் என்ற ராஜா கடல்வழியே ஊர் திரும்பும் கதையான ‘ஒடிஸி’ 24 புத்தகங்கள். ஒற்றைக்கண் பூதம் பாலிஃபீமஸ் வருவது ஒன்பதாவதில். பெரியவனுக்காகத்தான் இது, பாப்பா கூடவே கேட்டாலும் பரவாயில்லை, ஆனால் எங்கே நிறுத்துகிறாய் என்பதில் கவனம் வேண்டும். பாதிப் பேர் பூதம் குகையைப் பாறையால் அடைத்த இடத்தில் ‘மீதி நாளைக்கு’ என்று நிறுத்துவார்கள். பிள்ளை இருட்டில் அந்தக் குகைக்குள்ளேயே இரவு முழுக்கக் கிடக்கும். நடுராத்திரியில் உன்னை எழுப்பும். நிறுத்த வேண்டிய இடத்தை ஹோமரே கொடுத்திருக்கிறார். ஒடிசியஸின் 12 கப்பல்களும் முதலில் எதிரே இருக்கும் ஆட்டுத் தீவில் ஒதுங்குகின்றன. கப்பலுக்கு ஒன்பது ஆடு கிடைக்கிறது. சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் கரையிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். முதல் இரவு அங்கே நிறுத்து. எதிர்க்கரையில் புகை தெரிந்தது, ஆட்டுச் சத்தம் கேட்டது என்பதுவரை சொன்னால் மறுநாளுக்கு ஆவல் இருக்கும், பயம் இருக்காது.

இரண்டாம் இரவு குகைக்குள் போவதிலிருந்து தப்பித்து அதே தீவுக்குத் திரும்புவதுவரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இருபது நிமிடம் ஆகும், அன்றைக்குச் சீக்கிரமே படுக்க வை. ஒடிசியஸ் பன்னிரண்டு பேரோடு போகிறான். தட்டுத் தட்டாகச் சீஸ், வயதுவாரியாகப் பிரித்து அடைத்த குட்டிகள், இதெல்லாம் நிதானமாகச் சொல். எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று மற்றவர்கள் கெஞ்சுகிறார்கள், அவன் கேட்கவில்லை. பூதம் வந்து வாசலை அடைக்கும் பாறையை 22 வண்டிகள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. இந்த எண்ணைக் கட்டாயம் சொல், ஏனென்றால் கதையின் முடிச்சு அதில் இருக்கிறது. தூங்கும்போது பூதத்தைக் கொன்றுவிட்டால் பாறையைத் தள்ள ஆள் இல்லை, எல்லோரும் உள்ளேயே சாக வேண்டியதுதான். பாறை எத்தனை பெரிது என்று முன்பே தெரியாவிட்டால், ‘ஏன் அப்பவே கொல்லலை?’ என்று பெரியவன் நடுவில் நிறுத்துவான்.

பூதம் வேளைக்கு இரண்டு பேராக ஆறு பேரைத் தின்கிறது. ஒரே வாக்கியத்தில், சாதாரணக் குரலில் சொல்லித் தாண்டிவிடு. மென்று காட்டுவது, எலும்புச் சத்தம் போடுவது வேண்டாம். கண்ணில் ஒலிவமரக் கழியைப் பாய்ச்சுவதும் அப்படியே. நீ நின்று சொல்ல வேண்டியவை வேறு இரண்டு இடங்கள்.

ஒன்று, பெயர். திராட்சை மது குடித்த மயக்கத்தில் பூதம் பெயர் கேட்க, ஒடிசியஸ் ‘என் பெயர் யாருமில்லை’ என்கிறான். இதை இரண்டு தடவை சொல், பூதம் அதைத் திருப்பிச் சொல்லட்டும். அந்தப் பெயர் பிள்ளைகள் மனதில் பதியாவிட்டால், பிறகு மற்ற பூதங்கள் வெளியிலிருந்து ‘யார் உன்னை அடித்தது?’ என்று கேட்டு, இவன் ‘யாருமில்லை!’ என்று அலறும்போது சிரிப்பு வராது.

இன்னொன்று, ஆடுகள். மூன்று மூன்றாகக் கட்டி, நடு ஆட்டின் வயிற்றடியில் ஒரு ஆள். ஒடிசியஸ் பெரிய கிடாவின் அடியில் ரோமத்தைப் பற்றித் தொங்குகிறான். கண் தெரியாத பூதம் ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் தடவிப் பார்க்கிறது. கிடா கடைசியாக வரும்போது அதனிடம், ‘எப்போதும் நீதானே முதலில் போவாய், இன்றைக்கு ஏன் கடைசி? உன் எஜமானின் கண் போனதற்காக வருந்துகிறாயா?’ என்று பேசுகிறது. இங்கே குரலை மாற்றாமல் மெதுவாகச் சொல். பாப்பாவுக்குப் பூதத்தின்மேல் பாவம் வரும். வரட்டும். ஹோமர் அந்த இடத்தை அப்படித்தான் எழுதியிருக்கிறார், ‘அவன் கெட்டவன்தானே’ என்று நீ திருத்த வேண்டாம்.

ஒடிஸியில் வரும் காற்று அடைத்த பை, மாலுமிகளை மயக்கி இழுக்கும் சைரன்களின் பாட்டு இரண்டும் நேரமில்லாத இரவுகளுக்கு. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

காளைத்தலைப் பூதம் மினோட்டாரை, சுற்றுவழிக் கட்டடத்துக்குள் போய்த் தெசியஸ் கொல்லும் கதையையும் பெரியவன் கேட்பான். நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவதோடு ஓர் இரவை முடி. கப்பலின் கறுப்புப் பாயை மாற்ற மறந்து, அதைப் பார்த்த தகப்பன் இறந்துபோவதை இன்னும் இரண்டு வருடம் கழித்துச் சொல்லலாம். வெள்ளைப் பாய் கட்டினான் என்று மட்டும் சொல்லிவிடாதே. பருவங்கள் எப்படி வந்தன என்று விளக்குவதால் பெர்செஃபோனியைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்ணை, நிலம் பிளந்து பாதாள ராஜா வந்து இழுத்துப் போகிறான், அம்மா ஒன்பது நாள் தீப்பந்தத்தோடு தேடுகிறாள். தனியாகப் படுக்கப் பழகும் குழந்தைக்கு அது வேண்டாம். எட்டு வயதுக்குப் பிறகு, பகலில். அப்போதும், அவள் வருடாவருடம் பாதாளத்தில் எத்தனை மாதம் இருக்க வேண்டும் என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். அவள் அம்மாவைப் பாடும் பழைய துதிப்பாடலில் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஓவிடிடம் பாதி. ‘இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்’ என்றால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

பலசாலி ஹெர்குலிஸின் பன்னிரண்டு வேலைகளைப் பன்னிரண்டு இரவு சொன்னால் மூன்றாம் நாளே சலித்துவிடும், கொல்வதே திரும்பத் திரும்ப வரும். நாலு போதும். இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டு ஒரே நாளில் தொழுவத்தைக் கழுவியது, வெண்கலக் கிலுகிலுப்பையால் பறவைகளை விரட்டியது, காட்டுப்பன்றியைத் தோளில் தூக்கிவந்ததும் வேலை கொடுத்த ராஜா பயந்து ஜாடிக்குள் குதித்தது, தான் கொஞ்ச நேரம் சுமந்த வானத்தை, எப்போதும் அதைத் தாங்கும் அட்லஸின் தோளுக்கே திருப்பி ஏற்றியது. அந்த வேலைகள் ஏன் வந்தன என்று கேட்டால், ‘பெரிய தப்புச் செய்துவிட்டான், அதற்குப் பரிகாரம்’ என்று சொல். அவன் தன் பிள்ளைகளைக் கொன்றது இப்போது வேண்டாம்.

பெயர்கள்தான் கேட்கிறவரைக் களைப்பாக்கும். ஓர் இரவுக்கு மூன்று பெயருக்குமேல் வேண்டாம், மற்றவர்கள் ‘ராஜா’, ‘மந்திரக்காரி’, ‘மாலுமிகள்’ என்றே இருக்கட்டும். ஆங்கிலப் புத்தகங்கள் சில ரோமப் பெயர்களைப் போடும்: ஒடிசியஸ் யுலிசிஸ் ஆவான், ஹெர்மிஸ் மெர்குரி ஆவான். கிரேக்கப் பெயரிலேயே நில். ஹெர்குலிஸ் மட்டும் ரோமப் பெயர், ஊரெல்லாம் பழகிவிட்டதால் அப்படியே விடலாம். உச்சரிப்பு எதுவானாலும் ஒன்றையே வைத்துக்கொள், மாற்றினால் பாப்பாவே திருத்துவாள்.

புத்தகத்தைப் பகலில் படித்துவிட்டு, ராத்திரி விளக்கை அணைத்து வாயால் சொல். ஒரு துண்டுச்சீட்டில் ஐந்து சொல் போதும். ஹெர்மிஸுக்கு ஆமை ஓடு, பின்நடை, குச்சிச் செருப்பு, தொட்டில், யாழ். ‘ம்’ கொட்டச் சொல். பாப்பாவின் ‘ம்’ நின்றாலும் பெரியவனுக்காகத் தொடர்ந்து முடி, மறுநாள் அவளுக்கு அவனையே சொல்லவிடு. அவன் எதை விட்டான் என்று பார்த்தால் நீ எங்கே அவசரப்பட்டாய் என்று தெரியும். முடிந்ததும் நீதி என்ன என்று கேட்காதே, அவர்களாகக் கேட்டால் மட்டும் பேசு. ‘இவங்களும் சாமியா?’ என்று கேட்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் கும்பிட்ட சாமிகள், அதீனா என்ற அம்மனுக்குக் கட்டிய கோயில் இன்றும் ஏதென்ஸில் நிற்கிறது என்று உள்ளதைச் சொல்.

படங்களைக் காலையில் காட்டு, படுக்கையில் வேண்டாம். கிரேக்கத்தில் எலூசிஸ் ஊர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய கி.மு. 650-ஐச் சேர்ந்த பெரிய ஜாடி ஒன்று இருக்கிறது. அதன் கழுத்தில் ஒடிசியஸின் ஆட்கள் பூதத்தின் கண்ணில் கழியைப் பாய்ச்சுகிறார்கள், பூதத்தின் கையில் மதுக்கிண்ணம் அப்படியே இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒடிசியஸைப் பாய்மரத்தில் கட்டியிருக்கும் சைரன் ஜாடி. இரண்டின் படங்களும் இணையத்தில் கிடைக்கும். கிண்ணம் ஏன் கையில் இருக்கிறது என்று பெரியவனைக் கேட்டுப் பார், என்ன சொன்னான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா