மேலூர் வேட்பாளரிடமும் இதையே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தாளில் வந்த எங்கள் உசிலம்பட்டித் தொகுதி அலசலை டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, ஆறேழு பேர் நின்று கேட்டோம். எந்தச் சமுதாயம் எத்தனை சதவீதம், எந்தப் பிரிவு யார் பக்கம் சாய்கிறது, யார் ஓட்டை யார் உடைப்பார், கூட்டணி மாறினால் யாருக்குச் சேதாரம் என்று அரைப் பக்கம். வாசித்தவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "சரி, இதெல்லாம் நமக்குத் தெரியாததா?" என்றார். தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றுதான் இந்தக் கடிதம்.

சாதியைப் பற்றி எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்கள். தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியதால் 1996-லிருந்து பத்து வருஷம் அங்கே தேர்தலே நடக்காமலும், நடந்தால் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தும் கிடந்து, 2006-ல்தான் ஒழுங்காக நடந்தது. இன்றைக்கு அந்த ஊர்களில் எந்த வேட்பாளர் பட்டியல் சாதி மக்களின் தெருவுக்குள் இறங்கி நடக்கிறார், யார் மெயின் ரோட்டில் ஜீப்பிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டுப் போகிறார் என்று உங்கள் நிருபர் பார்த்து எழுதினால் அது செய்தி. சதவீதம் போடுவது கட்சி ஆபீஸ்காரர்கள் செய்கிற வேலை, அதை அவர்களே நன்றாகச் செய்துகொள்வார்கள்.

எங்களுக்கு வேண்டியது வைகை அணையிலிருந்து எங்கள் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற 58 கிராமக் கால்வாய். ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாருமே "கால்வாயில் தண்ணீர் கொண்டுவருவேன்" என்கிறார்கள், இரண்டு பெரிய கட்சிகள், புதிதாக வந்தவர்கள், சுயேச்சைகள் என்று யாரும் பாக்கியில்லை. தொண்ணூறுகளில் தொடங்கிய திட்டம், சோதனை ஓட்டம் என்று தண்ணீர் விட்டுப் பார்த்தது 2018-ல். இடையில் எத்தனை பேர் எம்.எல்.ஏ. ஆகிப் போனார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வாய்க்கால் இருக்கிறது, தொட்டிப் பாலம் இருக்கிறது, பிரச்சினை தண்ணீர் திறக்கிற விதியில். வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 67 அடியைத் தாண்டினால்தான் எங்கள் கால்வாய்க்குத் திறக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து அணை அந்த அளவுக்கு ஏறினால் உண்டு, இல்லையென்றால் கண்மாயில் சீமைக்கருவேலம்தான் விளையும். ஏறினாலும் பழைய ஆயக்கட்டுக்குத்தான், அதாவது முன்பிருந்தே இந்தத் தண்ணீரில் பாசனம் நடக்கிற நிலங்களுக்குத்தான், முதல் உரிமை. பெரியாறு பாசனத்தில் மேலூர்க் கடைமடை இருக்கிறது, திருமங்கலம் கால்வாய் இருக்கிறது, கீழே சிவகங்கை, ராமநாதபுரத்துக்குப் பங்கு இருக்கிறது. அவர்களும் விவசாயிகள்தான், அவர்கள் வயலும் காய்கிறது, அதை நாங்கள் மறுக்கவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்த 67 அடியைக் குறைக்கச் சொல்லிச் சட்டசபையில் கேட்பீர்களா, மாட்டீர்களா? குறைக்கச் சொல்வதென்றால் மேலூர்க்காரர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? இதை எங்கள் தொகுதி வேட்பாளர்கள் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் அதே கட்சிக்காக மேலூரில் நிற்பவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். மதுரை மாவட்டத்தில் பத்துத் தொகுதி, எல்லாவற்றுக்கும் உங்களுக்கு நிருபர் இருக்கிறார், இது ஒரு நாள் வேலை. பதில் சொல்ல மறுத்தால் அந்த இடத்தை வெள்ளையாக விடுங்கள், டீக்கடையில் அதையும் வாசித்துக்கொள்வோம்.

மதகைத் திறப்பது எம்.எல்.ஏ. கையில் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும், அதற்கு அரசாணை வேண்டும். ஆனால் அந்த அரசாணைக்காகச் சபையில் எழுந்து நிற்பதும், கவன ஈர்ப்புக் கொண்டுவருவதும், அமைச்சர் அறை வாசலில் காத்துக் கிடப்பதும்தானே அவர் வேலை? தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது, அது நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம், ஹைமாஸ் விளக்கு என்று போகிறது, போகட்டும். எங்கள் ஊர் நிழற்குடையில் ஊர்ப் பெயரைவிட எம்.எல்.ஏ. பெயர் பெரிது. தேர்தல் அறிவித்த மறுநாளே அதிகாரிகள் வந்து அந்தப் பெயர் மேல் தாள் ஒட்டி மறைத்தார்கள், அந்தச் சுறுசுறுப்பில் கால்வாசி கூரையில் ஒழுகுகிற இடத்துக்குக் காட்டியிருந்தால் போன மழையில் பிள்ளைகள் நனைந்திருக்க மாட்டார்கள். ஒரு வேட்பாளர் ரயில் விட்டதே தான்தான் என்கிறார். மீட்டர்கேஜ் நின்று பத்து வருஷத்துக்கு மேல் ரயில் இல்லாமல் கிடந்து, 2022-ல் தேனி வரைக்கும் மறுபடி ஓடியதற்கும் சட்டசபைக்கும் என்ன சம்பந்தம் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை.

போன வாரம் எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், மற்றவர்களும் இதில் இளைத்தவர்கள் இல்லை. அவருக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. அதிலிருந்து முப்பது தாம்பாளம், மஞ்சள் தூள், சுண்ணாம்பு, வெற்றிலை, சூடம் எல்லாம் இறக்கினார்கள். தட்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வைத்தாயிற்று. பெண்களை வரிசையில் நிறுத்திய பையன், "தண்ணி மட்டும் வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்துருங்கம்மா" என்றான். என் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தது. "ஏன்டா பேராண்டி, தண்ணி தாரேன்னு ஓட்டுக் கேட்டு வாராரு, அவருக்குச் சுத்திப் போடவே நம்ம கொடத்துத் தண்ணியா?" என்றது. பையன் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு சொம்பு அன்றைக்கு வேட்பாளர் காலடியில் போயிற்று. ஜீப் கிளம்பும்போது அவர் ஒலிபெருக்கியில் சொன்னதும் கால்வாய்த் தண்ணீரைத்தான்.

ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரைதான் செலவு செய்யலாம் என்று தேர்தல் ஆணையம் வைத்திருக்கிறது. அந்தத் தாம்பாளங்கள் யார் கணக்கில் எழுதப்படும் என்று தெரியவில்லை. பக்கத்துத் திருமங்கலத்தில் 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரே ஓட்டுக்குப் பணம் கொடுக்கிற ஃபார்முலாவுக்குப் பெயராகிவிட்டது, இன்றைக்கும் வெளியூரில் திருமங்கலம் என்றால் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று இருக்கிறது.

வேட்புமனுவோடு கொடுக்கிற பிரமாணப் பத்திரத்தையும் கொஞ்சம் பாருங்கள். சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கிறது. வழக்கு உள்ளவர்கள் அதை மூன்று தடவை பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும், நீங்களும் காசு வாங்கிக்கொண்டு டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவில் போடுகிறீர்கள். அதே விவரத்தை அலசல் பக்கத்தில் எடுத்துப் போட்டால் என்ன? அந்தப் பக்கத்தைத்தான் ஆள் படிக்கிறான்.

இன்னொன்று. அலசலோடு தண்ணீர் தளும்புகிற ஒரு கண்மாய்ப் படம் போட்டு "உசிலம்பட்டி அருகே" என்று எழுதியிருந்தீர்கள். கரையில் நிற்கிற பனை வரிசையைப் பார்த்தால் எங்கள் பக்கம் மாதிரியே இல்லை, டீக்கடையில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எந்த ஊர்க் கண்மாய் அது? எங்களுடையது என்றால் சொல்லுங்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.