எங்கள் வகுப்புச் சத்தத்துக்குத் துணைநின்றவர்களுக்கு

மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்கும், சக ஆசிரியர்களுக்கும், அழைத்ததும் வந்து உதவிய பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் இசை ஆசிரியை இல்லை; கணக்கும் மொழிப்பாடமும் எடுப்பவள். வாரத்தில் சில பாடவேளைகளை இசைக்கு விட்டுக்கொடுத்த தலைமையாசிரியருக்கு முதல் நன்றி. அடுத்தது பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கு. நடுவில் ஒரே ஒரு சுவர்தான். கதவைச் சாத்திக்கொண்டாரே தவிர, ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை.

மிருதங்க வித்வான் மிருதங்கத்தை எடுத்துவராமலே வந்தார். வாயும் காலும் போதும் என்றார். தகிட என்றால் மூன்று எண்ணிக்கை, தகதிமி என்றால் நான்கு. பிள்ளைகள் ஒரே சீராக நடக்க வேண்டும், சொல் மட்டும் இரட்டிப்பு வேகத்துக்குப் போக வேண்டும். சொல் வேகமெடுத்ததும் காலும் சேர்ந்து ஓடப்பார்க்கும். அதைப் பிடித்து வைப்பதுதான் முழுப் பயிற்சியும். தாளத்தை உடம்பு வழியே பழக்க வேண்டும் என்று சுவிட்சர்லாந்தின் எமில் ஜாக்-டால்குரோஸ் ஒரு முறையே வகுத்தார். நம் வித்வான் அதைப் படித்தவர் இல்லை, ஆனால் செய்தது அதைத்தான். அப்புறம் ஒரு குழு தகிடவும் இன்னொரு குழு தகதிமியும் சேர்ந்தே தொடங்கியதில், நான்கு தகிடவும் மூன்று தகதிமியும் பன்னிரண்டில் ஒன்றாக வந்து நின்றன. பொது மடங்கை நான் கரும்பலகையில் இவ்வளவு நன்றாக ஒருநாளும் நடத்தியதில்லை!

தச்சு வேலை செய்யும் தாத்தாவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். சங்கராபரண ராகத்தின் சுரங்களுக்கு, கீழ் ஸ முதல் மேல் ஸ வரை, தட்டினால் ஒலிக்கும் எட்டு மரக்கட்டைகள் செய்து தந்தார். கீழ் ஸ 30 செ.மீ. என்றால் மேல் ஸ 15 செ.மீ. இருக்கும் என்று பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். தந்திக்கு அது சரி. ஒரே கனமுள்ள கட்டையில் 21 செ.மீ. பக்கத்திலேயே மேல் ஸ வந்துவிடுகிறது. பாதியாக அறுத்தால் இரண்டு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரை ஒரு ஸ்தாயி) ஏறிவிடும். கட்டையை எங்கே தாங்க வேண்டும் என்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். மரத்தூளைத் தூவித் தட்டினார். தூள் நகர்ந்து, இரு முனைகளிலிருந்தும் ஏறக்குறைய 22 சதவீத நீளத்தில் இரண்டு கோடுகளாகச் சேர்ந்தது. அங்கேதான் கயிறு. வேறு எங்கே தாங்கினாலும் நாதம் சுருங்கிவிடும்.

கட்டைகளைக் கழற்றி மாட்டும்படி செய்ததற்குத் தனி நன்றி. ம, நி இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஐந்து சுர மோகன ராகம். யார் எதைத் தட்டினாலும் காதில் உறுத்தாது. ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் வழி இசை வகுப்புகளிலும் இப்படிக் கழற்றி வைப்பார்கள். பாட வாய் திறக்காத பிள்ளைகளும் துணிந்து கை வைத்தது இதில்தான்.

கண்ணாடி பாட்டில்களைக் கழுவி அனுப்பிய வீடுகளுக்கும் நன்றி. தண்ணீர் கூடக்கூட, தட்டினால் சுருதி இறங்குகிறது, வாயில் ஊதினால் ஏறுகிறது. முன்னதில் அதிர்வது கண்ணாடியும் தண்ணீரும், பின்னதில் உள்ளே மிஞ்சிய காற்று. ஏறுமா இறங்குமா என்ற சண்டை தீர ஒரு பாடவேளை முழுக்கப் போனது.

ஆண்டு விழா மேடையில் ஏற்றவில்லையே என்று கோபிக்காத பெற்றோருக்கும் நன்றி. மேடை என்றால் ஒரே பாட்டை மாதக்கணக்கில் தேய்க்க வேண்டியிருக்கும்; அதில் எனக்கு விருப்பமில்லை.

பாட்டில்களைத் திரும்பப் பெற விரும்புவோர் பள்ளி முடிந்ததும் வரலாம். மூடிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பொருத்தமானதைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் வகுப்பு ஆசிரியை