கணக்கெழுத வந்த அம்மணிக்கு

காய்ச்சலும் இருமலும் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பா வீடு வந்து சேர்ந்துவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், நள்ளிரவில் வந்த 108 ஓட்டுநர், எங்கள் எருமைகளைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிய பக்கத்துத் தோட்டத்து அண்ணன், தூக்குப்போசியில் கஞ்சி சுமந்த பங்காளிகள், எல்லோருக்கும் கும்பிடு.

இந்த மடல் முக்கியமாக இன்னொருவருக்கு. அவர் வைத்தியம் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரம் எழுத வந்தவர்.

அப்பாவின் மூக்கில் சளி மாதிரி எடுத்ததுமே அம்மா ஒடுங்கிப்போனார். கொரோனாவின்போது எங்கள் வாசலில் தகரம் அடித்தது அவருக்கு மறக்கவில்லை. படிவத்தோடு அந்தப் பெண் வந்து நின்றதும், “ஒன்றும் சொல்லாதே” என்று அம்மா என் கையை அழுத்தினார். வந்தவர் படிவத்தை மூடிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“வீட்டை அடைக்க இல்லைங்க அம்மா. 10 நாளுக்குள் இருமலும், 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சலும் வந்து, ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றியவர்கள் எல்லோரையும் எழுதுகிறோம். என்ன கிருமி சுற்றுகிறது என்று அப்போதுதானே தெரியும்?”

காய்ச்சல் தொடங்கிய தேதி அம்மாவுக்குப் பிடிபடவில்லை. வந்தவர் அவசரப்படுத்தவில்லை. ஆடு, மாடு, கோழி உண்டா என்று கேட்டார். எருமை என்றதும், “கருங்கல்பாளையம் சந்தைக்குப் போனாரா?” என்றார். போனார், வியாழக்கிழமை. அன்றிரவே வெடவெடத்துப் போர்த்திப் படுத்தது அம்மாவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. “எழுதிக்கொள் அம்மணி” என்றார். அதன்பின் கேட்காததையும் சொன்னார்.

சோதனை முடிவை மருத்துவர் எங்களிடம் சொல்லிவிட்டார்: எச்1என்1 ஃப்ளூ, 2009இல் உலகையே கலக்கிய அதே பன்றிக் காய்ச்சல். ஆனாலும் அந்தப் பெண் வேலை முடிந்து போகிற வழியில் அம்மாவைத் தேடி வந்து, “கொரோனா இல்லைங்க அம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார்.

கொரோனா அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதமே விலக்கிக்கொண்டது. மாலைதோறும் தொலைக்காட்சியில் எண்ணிக்கை கேட்டு நடுங்கிய நாங்களும் அத்தோடு மறந்துவிட்டோம். எழுதுகிறவர்கள் இன்னும் படுக்கை படுக்கையாகப் போய் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. அப்பாவுக்குத் தெம்பு வந்ததும் மருத்துவரைக் கேட்டு, வீட்டுப் பெரியவர்களுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஊசி என்றால் ஓடுகிற பெரியப்பாவையும் விடுவதாக இல்லை.

அப்பா எப்படி இருக்கிறார் என்று 28ஆம் நாள் போனில் கேட்பார்களாம். அதுவும் அந்தக் கணக்கில் சேர்த்தி. தானே எடுத்துப் பேசுவதாக அப்பா சொல்கிறார்.