காசிமேட்டுப் படகுச் சங்கங்களுக்கு: இரவுக் கேமரா வாங்கப் போகும்போது ஒரு கண்ணாடித் துண்டு கையில் இருக்கட்டும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகு, பைபர் படகு உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். லாஞ்சை, அதாவது விசைப்படகை, கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, இஞ்சின் பிரிப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். இரவுக் கேமரா பொருத்தவும் அதுதான் தோதான காலம். ஆனால் ‘நைட் விஷன்’ என்ற ஒரே பெயரில் கடையில் இரண்டு வேறு சாமான்கள் விற்கின்றன. ஒன்று கடலுக்கு ஆகும், மற்றது ஆகாது. உறுப்பினர்களிடம் பணம் திரட்டும் முன் சங்கமே இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆகாத வகை, தெருமுனை சிசிடிவியில் இருப்பது. 850 அல்லது 940 நானோமீட்டர் எல்இடி விளக்குகளால் கண்ணுக்குத் தெரியாத டார்ச் அடித்து, பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பிடிக்கும். சில பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அலை மோதித் தூவானம் எழுந்தால், மூடுபனியில் ஹைபீம் போட்ட மாதிரி திரை முழுக்க வெள்ளை.

ஆகும் வகை தெர்மல். அது எதையும் அடிப்பதில்லை. பொருள்கள் தாமே விடும் 8 முதல் 14 மைக்ரான் வெப்ப அலையை வாங்கிப் படமாக்குகிறது. சாதாரணக் கண்ணாடி அந்த அலையை விடாது, அதனால் லென்ஸ் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்யப்படுகிறது. விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனையும் இதிலேயே இருக்கிறது. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கேமராவுக்கு முன்னால் பிடியுங்கள். அப்பால் நிற்கும் ஆள் இன்னும் தெரிந்தால் அது தெர்மல் அல்ல. சந்தேகம் தீரவில்லையா, சுவரில் 5 விநாடி உள்ளங்கையை வைத்து எடுங்கள். தெர்மல் என்றால் எடுத்த பிறகும் கைத்தடம் திரையில் நிற்கும். மழை, உப்புக்காற்றுக்குப் பயந்து வீல்ஹவுஸ் (படகோட்டும் அறை) கண்ணாடிக்கு உள்ளே தெர்மலை மாட்டினால் என்ன ஆகும் என்பதும் இப்போது புரிந்திருக்கும். படகை ஓட்டும் ஸ்ராங்கு தன் முகத்தின் வெப்பப் பிரதிபலிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

விளம்பரத்தில் ‘2 கிலோமீட்டர்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள், கணக்குப் போடுங்கள். 640×512 புள்ளி (பிக்சல்), 12 மைக்ரான் சென்சார், 19 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் சுமார் 23 பாகை அகலம் தெரியும். 500 மீட்டரில் ஒரு புள்ளி ஏறக்குறைய 32 சென்டிமீட்டரை மூடும். ஏதோ இருக்கிறது என்று சொல்லவே குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும். கடலில் விழுந்தவரின் தலை 30 சென்டிமீட்டர்கூட இராது; ஆகவே அவரைத் தேடும் தூரம் 200 மீட்டர் வாக்கில்தான், அதுவும் அலை மறைக்காவிட்டால். பைபர் படகில் எழுந்து நிற்கும் ஆள், சூடான அவுட்போர்டு இஞ்சின் எல்லாம் அதைவிடப் பல மடங்கு தூரத்தில் தெரியும். லென்ஸ் நீளத்தைக் கூட்டினால் தூரம் கூடும், அகலம் குறையும். படகு உருளும்போது குறுகிய படம் தலைசுற்ற வைக்கும். விநாடிக்கு 9 படம் தருவது மலிவு. உருளும் படகில் திக்கித் திக்கி வரும். 25 படம் தருவதையே கேளுங்கள்.

நம் கடலின் சங்கடம் தனி. குளிர்நாட்டுக் கடலில் மனித உடம்பு விளக்காக எரியும். இங்கே தண்ணீரே 28, 29 டிகிரி. வானம் தெளிந்த தை, மாசி இரவில் கடல்பரப்பு குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிப்பதால் இருண்டு கிடக்கும், படகு எடுப்பாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் அந்த வேறுபாடு கரைந்துவிடும். மழை வலுத்தால் தெர்மலும் கைவிரிக்கும். வலை மிதவை, கயிறு, ஆளில்லாமல் நனைந்து மிதக்கும் மரம் ஆகியவை தண்ணீரின் சூட்டிலேயே இருப்பதால் எந்த மாதத்திலும் நம்ப முடியாது.

பொருத்தும் வேலை. இடம் வீல்ஹவுஸ் கூரையின் முன்விளிம்பு. புகைக்குழாய் படத்துக்குள் வரவே கூடாது. அத்தனை சூடான ஒன்று படத்தில் இருந்தால் கேமரா அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு மற்றதையெல்லாம் மங்கலாக்கும். திசைகாட்டியிலிருந்து 1 மீட்டராவது தள்ளி வையுங்கள். கேமரா உடல் அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நடுவில் நைலான் வாஷர் வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தண்ணீரில் அலுமினியம் அரித்துப்போகும். தூசும் தண்ணீரும் புகாத ஐபி67 தரம் கேளுங்கள்.

மின்சாரம்: கேமராவும் திரையும் சேர்ந்து 18 வாட் என்றால் 12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர். 10 மணி நேர இரவுக்கு 15 ஆம்பியர்-மணி. பைபர் படகில் 7 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்தால் நடுராத்திரிக்கு முன்பே படுத்துவிடும், 40 ஆம்பியர்-மணி பேட்டரி தாங்கும். 12 மீட்டர் நீள ஒயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, பேட்டரி முனையில் 3 ஆம்பியர் ஃபியூஸ். லாஞ்சில் இஞ்சின் ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் சரிந்து கேமரா அணைந்து எழும். 9–36 வோல்ட் வாங்கும் கன்வெர்ட்டர் இடையில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

லென்ஸில் ஒட்டும் நீர்த்துளிதான் பெரிய எதிரி. மெல்லிய தண்ணீர்ப் படலமே வெப்ப அலையை விழுங்கிவிடும். உப்பு காய்ந்திருந்தால் துணியால் தேய்க்காதீர்கள், பூச்சு கீறிப்போகும். நல்லதண்ணீர் ஊற்றிக் கரைத்த பிறகு ஒற்றி எடுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று படம் அரை விநாடி உறையும். அது பழுதல்ல, உள்ளே ஷட்டர் மூடிச் சென்சாரைச் சமன்செய்கிறது. விடியலில் கிழக்கே போகிறவர்கள் சூரியன் எழும் முன் மூடியைப் போட்டுவிடுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்தே வையுங்கள். ஒருமுறை கண் கூசினால் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும்.

இவ்வளவும் செய்தாலும் விளக்கின் நிறத்தைத் தெர்மல் காட்டாது. இழுவலை இழுக்கும் படகு மேலே பச்சை, கீழே வெள்ளை போட வேண்டும். மற்ற வலை போட்டவர் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. அதைக் கண்ணால்தான் படிக்க முடியும். 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டவை சாதாரணப் படகுகள் அல்ல, பெரிய டேங்கர் கப்பல்கள். அவற்றில் ஒன்றிலிருந்து கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளிய கரை நம்முடையது. கேமரா வைத்த படகில் விளக்கை அணைத்து பேட்டரி மிச்சம் பிடிப்பவர்களுக்குச் சங்கம் அபராதம் போட்டாலும் தப்பில்லை.

இதே சரக்கை எண்ணூர் விரைவுச் சாலை, மணலி டிரெய்லர்காரர்களிடமும் விற்கிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமையோடு நிற்க, யோசிக்கும் நேரமும் சேர்த்து, 50 மீட்டருக்கு மேல் ஆகும். லோபீம் காட்டுவதும் ஏறக்குறைய அவ்வளவே. போகிப் புகையிலும் ஆளைக் காட்டும் என்பதால் தெர்மல் அங்கே உதவும். ஆனால் மணிக்கணக்காக ஓரம் கட்டி ஆறிப்போன டிரெய்லர் அதில் மங்கலாகத்தான் தெரியும். அதற்குப் பின்பக்கம் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுவதுதான் முதல் வேலை.

முதலில் ஒரே ஒரு கேமராவை வாடகைக்கோ மாதிரிக்கோ வாங்கி ஒரு லாஞ்சில் கட்டுங்கள். மேகமில்லாத ஓர் இரவு, மேகம் கவிந்த ஓர் இரவு, இரண்டிலும் துறைமுகத் தடுப்புச் சுவருக்கு வெளியே ஒரு பைபர் படகை 100, 300, 500 மீட்டரில் நிறுத்தி, எது வரை தெரிகிறது என்று ஸ்ராங்குகளையே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு விற்பனையாளரிடம் விலை பேசுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னையில் படகு மின்கருவிகள் பொருத்துவோர்