ஐப்பசி வரை பொறு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் தாம்பரம் பக்கம் முடிச்சூரில் வீடு பார்த்திருப்பதாகவும், பாப்பா நடந்தே போகும் தூரத்தில் பள்ளிக்கூடம் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். நீ பக்கத்தில் வந்துவிட்டால் என்னைவிட மகிழ்பவர் யார்? ஆனால் அட்வான்ஸ் மட்டும் இப்போது கொடுக்காதே. ஐப்பசி வரை பொறு.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. வெள்ளம் என்றாலே எல்லாரும் செம்பரம்பாக்கத்தைச் சொல்வார்கள். அந்த ஏரியின் உபரி நீர் ஆற்றின் போக்கில் எங்களைத் தாண்டிக் கீழே, திருநீர்மலை பக்கம்தான் அடையாற்றில் சேருகிறது. எங்கள் தெருவுக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். இரவு வாசற்படியில் இருந்தது, விடிவதற்குள் ஜன்னலுக்கு ஏறிவிட்டது. சின்னவளின் புத்தகப்பை கூடத்தில் மிதந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அப்புறம் ஆற்றை அகலப்படுத்தினார்கள். அப்படியும் 2023 மிக்ஜாம் புயலில் மறுபடி தண்ணீர் வந்தது.

எனக்கு வீடு விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தமாக இருந்தன. ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவான விற்பனையும் கடனும்தான் தெரியும், தண்ணீர் தெரியாது. நீ நிலத்தின் அளவு வரைபடமான புல வரைபடத்தையும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் வாங்கிப் பார். அந்த மனை முன்பு நஞ்சையா, பக்கத்தில் வாய்க்கால் ஓடியதா என்று தெரிந்துவிடும். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் கேள். எந்த வீட்டில் எதுவரை தண்ணீர் நின்றது என்று அவர் சுவரைத் தொட்டே காட்டுவார்.

பள்ளிக்கூடம் அரை கிலோமீட்டர்தான் என்கிறாய். நடுவில் சாலை பள்ளமாக இருந்தால் அந்த அரை கிலோமீட்டரைக் கடக்க முடியாது. மழை விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கிய பிறகும் சின்னவள் ஒரு வாரம் வீட்டிலேயே இருந்தாள். அதனால் ஊரில் இதை விசாரி: வெள்ளத்தில் சனங்களை எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள்? அதுதான் மேடு. அதைச் சுற்றி நாலு தெருவில் வீடு தேடு, கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. நாங்கள் மூன்று நாள் தங்கியது ஓர் அரசுப் பள்ளியில். அங்கிருந்த ஆசிரியைகள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட விதத்தைக் கண்டுதான் சின்னவளை அங்கேயே சேர்த்தேன். உன் பாப்பாவுக்கு அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்பு. டாக்டராக ஆசைப்படுகிறாள் என்றாயே, ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. தங்கச்சியிடம் இதைப் பேசிப் பார்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்ததும் போன் செய்கிறேன், உடனே கிளம்பி வா. வண்டியில் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்துவிடலாம்.

உன்,
முருகேசன்