அறுபடாத கம்பியும் பேசும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை, தங்கைக்குக் குழந்தை, இரண்டுமே நல்ல சேதி. ஆனால் கடிதத்தில் முக்கால்வாசி வாலரன்ட்தான், ஐவருக்கு ஐவர் சுட்டுக்கொள்ளும் அந்தக் கணினி ஆட்டம். அதிலும் முன்னே பாய்ந்து சுடும் ரெய்னாவைப் பிடுங்கிக்கொண்டு, கம்பியும் கேமராவும் வைத்துக் காவல் காக்கும் சைஃபரை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற புலம்பல். ஸ்கோர்போர்டில் கடைசியில் நிற்கிறேன் என்கிறாய். நின்றால் நில். ஒரு சைட்டை (ஸ்பைக் என்ற குண்டை எதிரி வைக்க வரும் இடத்தை) நீ ஒருவனே பார்த்துக்கொண்டதால் மற்ற நால்வரும் நிம்மதியாக வேறு இடத்தில் நின்ற ரவுண்டுகள் எத்தனை? அதை எந்தப் பலகையும் காட்டாது.

நீ கேட்டது சைஃபரின் பொறிக் கம்பியை எங்கே கட்டுவது என்று. யூடியூபில் மேப்புக்கு இருபது இடம் காட்டுவார்கள். அவற்றை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்: இந்தக் கம்பி எனக்கு எதைச் சொல்ல வேண்டும்?

எதிரி மிதித்தால் கம்பி அவனைப் பிடித்து, இருக்கும் இடத்தைக் காட்டி, உடைக்காமல் விட்டால் தலைசுற்ற வைக்கும். இது எல்லோருக்கும் தெரிந்தது. யாராவது சுட்டு உடைத்தால் அதுவும் தகவல்தான். ஒருவன் அங்கே நின்று கம்பியைப் பார்த்திருக்கிறான் என்று பொருள். பாதிப் பேர் கோட்டைவிடுவது மூன்றாவதை. ஒன்றும் நடக்காமல் கம்பி சும்மா இருக்கிறதே, அது. ரவுண்டின் 100 நொடியில் பெரும்பகுதி அந்த மௌனம்தான். அதை வாசிக்கத் தெரிந்தவன்தான் சைஃபர் ஆடுகிறான். மற்றவர்கள் கம்பி அடித்ததும் ஓடுகிறார்கள், அவ்வளவே.

பைண்ட் மேப்பை எடுத்துக்கொள். ஏ, பி என்ற இரண்டு சைட்டில் பி பக்கம் வர இரண்டு வழி: ஹூக்கா அறை, பி லாங். ஹூக்கா ஜன்னலுக்குக் கீழே, சைட்டுக்குள் குதித்து இறங்கும் இடத்தில் கம்பி கட்டுகிறாய் என்று வை. ஐம்பது நொடி போயும் அது அடிக்கவில்லை. என்ன தெரிந்தது? சைட்டுக்குள் யாரும் இறங்கவில்லை என்பது மட்டுமே. ஹூக்காவுக்குள் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஷிஃப்ட் அழுத்தி நடந்தால் காலடிச் சத்தமே வராது. அதே கம்பியை அறைக்குள், அவர்கள் நுழையும் வாசலுக்கு அருகே கட்டினால், அது அடிக்காத வரை ஹூக்கா காலி என்று துணிந்து சொல்லலாம். அந்த ஒரு வாக்கியம் போதும், உன் ஆள் ஒருவன் பி விட்டு ஏ பக்கம் நகர. கோட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பது எதுவும் கம்பிக்குத் தெரியாது. அதனால் முன்னே கட்டிய கம்பியின் மௌனத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பின்னே கட்டியதற்கு அடிக்கும்போது மதிப்பு அதிகம், கொலை எளிது.

முன்னே கட்டுவதிலும் நஷ்டம் உண்டு. தூரத்தில் இருக்கும், உன்னால் உடனே சுட்டு உதவ முடியாது, அவர்கள் நிதானமாக உடைத்துவிட்டு வருவார்கள். ஆனால் ரவுண்டு தொடங்கிப் பதினைந்தாவது நொடியில் ஹூக்கா கம்பியை உடைக்க ஒருவன் வந்தான் என்பதே உனக்கு லாபம். என் வழக்கம், ஆள் குறைவாக நிற்கும் சைட்டில் ஒரு கம்பி முன்னே, ஒன்று பின்னே. முன்னது எச்சரிக்க, பின்னது பிடிக்க.

உயரமும் முக்கியம். தரையை ஒட்டிக் கட்டினால் தாண்டிக் குதிப்பான், இடுப்புக்கு மேலே கட்டினால் குனிந்து போவான். இரண்டு கம்பியையும் ஒரே வாசலில் மேலும் கீழும் கட்டுவதைப் பலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, இருப்பதே இரண்டு, இரண்டையும் ஒரே செய்திக்கா செலவழிப்பது? அதற்குப் பதில் மூலை திரும்பியதும் ஒரு அடி உள்ளே தள்ளிக் கட்டு. திரும்புகிறவன் குறி தலை உயரத்தில் எதிரே நிற்கும், கண் தரைக்கு வர நேரமிருக்காது. பெட்டி மேலிருந்து அல்லது ஜன்னலிலிருந்து குதித்து இறங்கும் இடமும் நல்லது. காற்றில் இருப்பவன் நின்று உடைக்க முடியாது.

சைஃபரின் கேஜை, அந்தப் புகைக் கூண்டை, வெறும் புகையாக எண்ணாதே. கம்பிக்கு மேல் ஒரு கேஜ் போட்டு வை, தேவைப்படும்போது தூரத்திலிருந்தே திற. உள்ளே கம்பி இருப்பது தெரியாது, தெரிந்தாலும் சுட முடியாது. எவனாவது கேஜைக் கடந்தால் சத்தமும் வரும். சத்தம் வந்து கம்பி அடிக்கவில்லை என்றால் குதித்துத் தாண்டியிருக்கிறான், உடனே இறங்கும் இடத்தில் சுடு. மாட்டியவன் உருவம் புகைக்குள்ளும் தெரியும், மெல்லிய சுவருக்குப் பின்னாலும் தெரியும். ஓடின் துப்பாக்கி வாங்கச் சொல்வது அதனால்தான். 3200 கிரெடிட் (ஆட்டத்துக் காசு), ஆனால் சுவரைத் துளைப்பதில் வேண்டல் துப்பாக்கியைவிட மேல்.

இனி காசு விஷயம். கம்பி 200, கேஜ் 100, இரண்டிரண்டுக்கு மேல் கிடையாது, கேமரா இலவசம். (பேட்ச் வந்தால் விலை மாறும், கடையில் ஒரு பார்வை பார்த்துக்கொள்.) முதல் ரவுண்டின் 800இல் கோஸ்ட் கைத்துப்பாக்கி 500, ஒரு கம்பி, ஒரு கேஜ் சரியாகப் பொருந்தும். தனியாக ஒரு சைட்டில் நிற்கப் போகிறாய் என்றால் கோஸ்ட் வேண்டாம். இரண்டு கம்பி, 400க்கு லைட் ஷீல்டு, கையில் இலவசமாக வரும் கிளாசிக் கைத்துப்பாக்கி போதும். அது தோற்று, ஒரு கொலையும் இல்லாமல் போனால் 1900 வரும். இரண்டாவது ரவுண்டை எகோ (காசு சேர்க்கும் ரவுண்டு) என்று எல்லோரும் கைகட்டி நிற்பார்கள். நீ மட்டும் 400க்கு இரண்டு கம்பி வாங்கு. அதுவும் தோற்றால் 2400 வரும், ஆக 3900 இருக்கும். வேண்டல் 2900, ஹெவி ஷீல்டு 1000, கணக்கு முடிந்தது. ஒரு கம்பி மட்டும் வாங்கியிருந்தால் மூன்றாவது ரவுண்டில் புதுக் கம்பி ஒன்றுக்கும் மிச்சமிருக்கும். துப்பாக்கி, ஷீல்டு, இரண்டு கம்பி, இரண்டு கேஜ் எல்லாம் சேர்த்து முழுச் செலவு 4500, இதை மனதில் வைத்துக்கொண்டு சேமி.

கேமராவுக்குள் கண்ணை நட்டுவைத்துக்கொண்டு உட்காரும் பழக்கத்தை விடு. பார்க்கும்போது உன் உடம்பு குருடாக நிற்கிறது, பக்கத்தில் காவலுக்கு ஆளில்லாமல் பார்க்காதே. தவிர, நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கேமரா அவர்கள் கண்ணுக்கு எளிதில் படும். சத்தம் கேட்டாயா, திற, ஒரு நொடி பார், மூடு. கேமராவிலிருந்து டார்ட் (இடம் காட்டும் ஊசி) அடித்தால் எதிரி அதைப் பிடுங்கி எறிய வேண்டும், அதற்குள் இடம் தெரிந்துவிடும். ஆனால் கேமரா இருக்குமிடமும் அவனுக்குத் தெரிந்துவிடும். எண்ணிக்கை மட்டும் தேவைப்படும் நேரத்தில் டார்ட் வேண்டாம். உடைபடும் என்று தோன்றினால் முந்திக்கொண்டு திருப்பி எடு, மறுபடி வைக்கக் காத்திருக்கும் நேரம் குறைவு. ஒரே இடத்தில் மூன்று ரவுண்டு வைத்தால் நான்காவதில் தலையைத் தூக்கியதும் சுட்டுவிடுவார்கள்.

இப்போது, பார்த்ததைச் சொல்வது. இதில்தான் நிறையப் பேர் கெடுக்கிறார்கள். கம்பி அடித்ததும் “பி வர்றாங்க, பி, பி!” என்று கத்தினால் நால்வரும் ஓடி வருவார்கள், ஏ காலியாகும், ஹூக்காவில் மாட்டியவன் மட்டும் தனியாகச் சிரிப்பான். கம்பியில் மாட்டியது ஒருவன். ஒருவன் என்றே சொல்: “ஹூக்கா கம்பி, ஒருத்தன், ரேஸ்.” (ரேஸ், மாட்டியவன் ஆடும் பாத்திரம்.) பிறகு இரண்டாவது அத்தாட்சிக்குக் காத்திரு. ஸ்பைக் கண்ணில் படுவது, இரண்டு மூன்று பேரின் திறன்கள் ஒரே இடத்தில் விழுவது, காலடி கூட்டமாகக் கேட்பது, இவற்றில் ஒன்று வந்த பிறகே முழு ரொட்டேட், அதாவது எல்லோரும் அந்தச் சைட்டுக்கு மாறுவது. அதுவரை ஒருவன் பாதி வழிக்கு வந்து நின்றால் போதும். பைண்டில் டெலிபோர்ட்டர் (ஓரிடத்தில் நுழைந்து வேறிடத்தில் வெளிவரும் வாசல்) சத்தத்தையும் கணக்கில் சேர், ஆனால் அதை வேண்டுமென்றே அடித்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

சீக்கிரம் சொல்வதன் மதிப்பை மீட்டரில் பார். கத்தியோடு ஓடுகிறவன் நொடிக்கு 6.75 மீட்டர் போகிறான், வேண்டலோடு 5.4. நீ நான்கு நொடி முன்னே சொன்னால் உன் ஆள் 27 மீட்டர் பக்கத்தில் இருப்பான். நீளமாகப் பேசினால் அந்த மீட்டர்கள் உன் வாயிலேயே கரைந்துவிடும்.

எதிரியில் கே/ஓ என்ற பாத்திரம் இருந்தால் அவன் எறியும் கத்தியைக் கவனி. அது உன்னைப் பிடித்தால் சில நொடிக்குக் கம்பி, கேமரா எல்லாம் செத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் மௌனத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை, இதை வாய்விட்டு அணிக்குச் சொல்லிவிடு. ரேஸின் குண்டு, சோவாவின் ஷாக் அம்பு கம்பியில் விழுந்தால் கவலைப்படாதே. உன் மேல் விழ வேண்டியது கம்பி மேல் விழுந்தது. ஆனால் நீ செத்தால் கம்பியும் கேமராவும் உன்னோடு சேர்ந்து அணைந்துவிடும். ரெய்னாவில் பழகிய கை முதல் சண்டைக்குத் துடிக்கும்தான். அடக்கு. முதல் சண்டை வேறொருவனுடையது.

தாக்கும் பாதியில் இதே வேலை திசை மாறுகிறது. ஒரு கம்பி உங்கள் முதுகுப்பக்க வழியில், அவ்வளவுதான் ஆரம்பம். ஸ்பைக்கை வைக்க 4 நொடி, வெடிக்க 45, எதிரி அதை முடக்கி எடுக்க 7. பாதி எடுத்து, அதாவது 3.5 நொடியில் விட்டாலும் அந்தப் பாதி நிற்கும். அதனால் கேமராவை ஸ்பைக் தெரியும்படி வைத்துவிட்டு நீ எங்காவது தூரத்தில் ஒளிந்துகொள். சத்தம் கேட்டதும் திற. தொட்டுவிட்டு விலகுகிறானா, உண்மையிலேயே எடுக்கிறானா என்று பார்த்துச் சொல்ல அணியில் உன்னால் மட்டுமே முடியும்.

அல்டியை, சைஃபரின் பெரிய திறனை, சேர்த்து வைத்துக்கொண்டு அழகு பார்க்காதே. எதிரியின் ஒரு பிணம் கிடைத்தால் மீதியுள்ளவர்கள் இரண்டு முறை தெரிவார்கள். முதல் காட்சிக்கும் இரண்டாவதற்கும் நடுவே எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்பதைப் பார், இடத்தைவிட அது பெரிய செய்தி. ரவுண்டின் முதல் கொலை உங்களுடையதானால் அப்போதே போடு.

லோட்டஸ் மேப் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்று சைட், சுழல் கதவுச் சத்தம் வேறு. அதை எழுத உன் அணியில் இன்னும் யார் யார் என்று தெரிய வேண்டும். புகை போடும் கன்ட்ரோலர் ஓமனா, வைப்பரா? நீ இல்லாத சைட்டில் தனியாக நிற்கப் போகிறவன் யார், பேசுகிற ஆளா, வாயைத் திறக்காத ஆளா? அதைப் பொறுத்துத்தான் உன் இரண்டாவது கம்பி எங்கே என்று சொல்ல முடியும். எழுது.

அன்புடன்,
குமரன்