வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: உங்கள் பிரேக் காற்றை நாங்கள் தொடவில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பத்து நாளாக ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேராவது கேட்டிருப்பீர்கள். எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். ஓடும்போதே டயருக்குத் தானாகக் காற்று ஏற்றும் கருவியை டிரெய்லரில் மாட்டாதே, பிரேக்குக்கு வைத்திருக்கும் காற்றை உறிஞ்சி டயருக்குக் கொடுத்துவிடும், ஒரு நாள் இறக்கத்தில் மிதித்தால் பிரேக் இருக்காது என்பது அதன் சாரம். எங்கள் பட்டறைப் பெயரும் அதில் வருகிறது. வேலை சுத்தமில்லை என்று திட்டியிருந்தால்கூடத் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். பிரேக்கைச் சொன்னதுதான் தூங்கவிடவில்லை.

கருவி காற்றை எடுப்பது டிரெய்லரின் ஏர் டேங்கில் இருந்துதான். இதை நாங்கள் என்றைக்கும் மறைத்ததில்லை, மாட்டும் அன்றே காட்டித்தான் அனுப்புகிறோம். ஆனால் டேங்குக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு காப்பு வால்வு இருக்கிறது. டேங்கில் குறிப்பிட்ட அழுத்தம் ஏறிய பிறகுதான் அது திறக்கும். நாங்கள் மாட்டுவதில் அது 80 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). அதற்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும். அப்புறம் டயர் தரையோடு ஒட்டினாலும் சரி, அந்தப் பக்கம் காற்று போகாது. பிரேக்குக்குப் போக மிஞ்சியதுதான் டயருக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், விட்டால் மனசு ஆறாது. லாரி, டிரெய்லர் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாததல்ல: பார்க்கிங் பிரேக்கில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து வைத்திருப்பதே காற்றுதான். காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக் பிடித்துக்கொள்ளும். பதிவில் பேசிய தம்பியின் டிரெய்லரும், டேங்கில் காற்று இல்லாமல் போன அன்று காலை, நகராமல்தான் நின்றது. எங்கேயும் உருண்டு ஓடிவிடவில்லை.

வண்டியைக் கொண்டுவரச் சொல்லி நாங்களே பிரித்துப் பார்த்தோம். பிரேக் சேம்பருக்கு (காற்றால் பிரேக்கை இயக்கும் டப்பா) போகும் ஓஸ் குழாய், டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் உரசி உரசித் தேய்ந்து, கையை வைத்தாலே காற்று தெரிந்தது. அந்த ஓஸ் எங்கள் வேலை இல்லை. நாங்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. ராத்திரி முழுக்க டேங்க் காலியானது அந்த வழியாகத்தான். கூடவே இரண்டாவது ஆக்ஸிலில் (சக்கர அச்சில்), உள் டயரில் ஓர் ஆணி. அது ஏறி எத்தனை நாளோ! கருவி பாட்டுக்குக் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, கம்ப்ரசரும் ஓயாமல் ஓடியிருக்கிறது.

இந்தக் கருவி பஞ்சர் ஒட்டாது. மெல்ல ஒழுகும் டயரைப் பட்டறை வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். டயருக்குக் காற்று போகும்போதெல்லாம் டிரெய்லரின் முன் மூலையில் விளக்கு எரியும், கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். காலையில் கிளம்பும்போது கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தால் கவலை வேண்டாம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் 100 பிஎஸ்ஐ டயரில் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ குறையும், அதை ஈடுகட்டுகிறது என்று அர்த்தம். அணையாமல் எரிந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஓரங்கட்டி, இறங்கிப் பாருங்கள்.

"டயரைக் கம்பியால் தட்டிப் பார்த்தாலே காற்று எவ்வளவு என்று எனக்குத் தெரியும்" என்கிற பழைய ஆட்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 100 இருக்க வேண்டிய டயர் 80க்கு வந்தால் கழற்றி உள்ளே பார்க்க வேண்டிய நிலை. அந்த 100க்கும் 80க்கும் சத்தத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்கும் காதை நான் இதுவரை பார்க்கவில்லை. அதுவும் ஜோடி டயரில் உள் டயர் இறங்கினால், வெளி டயர் இரண்டு பேர் பாரத்தையும் சுமந்துகொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். மூன்று ஆக்ஸில், பன்னிரண்டு டயர். ஒவ்வொன்றுக்கும் குனிந்து கேஜ் வைக்கிறவர் எத்தனை பேர்? இதற்காகத்தான் இந்தக் கருவியே. இரண்டாம் உலகப் போர் காலத்தில் நீரிலும் நிலத்திலும் ஓடிய 'டக்' என்ற ராணுவ லாரியிலேயே இருக்கையில் இருந்தபடி டயர் காற்றைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. நேற்று முளைத்த வித்தை இல்லை.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். எங்களோடு ஒன்பது வருடம் இருந்த மூத்த ஃபிட்டர் போய்விட்டார். "அண்ணன் எங்கே?" என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறீர்கள். சண்டையெல்லாம் இல்லை, சொந்தக் காரணம். ஆக்ஸில் முனையில் துளை போட்டு, சுழலும் சக்கரத்துக்கு ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மூடி வழியாகக் காற்றைக் கொண்டுபோகும் இணைப்பைப் பொருத்துவது நுணுக்கமான வேலை. கொஞ்சம் கோணினாலும் சீல் சீக்கிரம் தேயும். இப்போது இருக்கும் இரண்டு பையன்களும் கெட்டிக்காரர்கள், ஹப் வேலையில் குறை சொல்ல முடியாது. விளக்கின் எர்த் வயரை மட்டும் கடந்த மூன்று மாதத்தில் மாட்டிய சில டிரெய்லர்களில் (அந்தத் தம்பியுடையது உட்பட) இன்னும் இறுக்கியிருக்கலாம், அது தளர்ந்தால் காற்று போகும்போதும் விளக்கு எரியாமல் இருக்கலாம்; இந்தப் பக்கம் வரும்போது ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள், பத்து நிமிட வேலை, காசு வேண்டாம்.

பித்தளை இணைப்புகள், ஓஸ், ஃபில்டர் எல்லாமே விலை ஏறிவிட்டன. அதனால் வருடாந்தரப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் முதல் கூலி வாங்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே நாள் குறித்தவர்களுக்கு இது கிடையாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடுங்கள், காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரைக் கவனியுங்கள். அந்த ஈரம் எங்கள் ஃபில்டரைத்தான் முதலில் கொல்கிறது. ஓடி வந்த சூட்டில் அழுத்தம் அதிகமாகத் தெரிகிறதே என்று டயரில் இருந்து காற்றை இறக்காதீர்கள். சூட்டில் ஏறுவது இயல்பு. ஆறிய டயரில் என்ன இருக்க வேண்டுமோ அதைத்தான் நாங்கள் செட் செய்து தருகிறோம்.

இந்தப் பத்து நாளில் போன் செய்து "நாங்கள் நம்பவில்லை, நீங்கள் வேலையைப் பாருங்கள்" என்று சொன்னவர்களை மறக்க மாட்டேன். யாரும் கேள்விப்படாத காலத்தில் முதல் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தி, நான் ஆக்ஸிலில் துளை போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அந்தப் பெரியவரும் அதில் ஒருவர். அவருடைய டிரெய்லர்கள் எல்லாமே இன்றைக்கு எங்கள் கருவியோடுதான் ஓடுகின்றன. உங்களுக்கெல்லாம் நன்றி என்பது சின்ன வார்த்தை.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்

பி.கு.: குரல் பதிவு போட்ட தம்பிக்கு, கோபமில்லை. அந்தத் தேய்ந்த ஓஸையும் நாங்களே மாற்றிவிட்டோம். ஆணியை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். டிரெய்லர் தயார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.